480 நாளும் ஒரு சிவப்பு வட்டமும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்றைய இளைஞர்கள் நிரந்தர வேலையைவிட நெகிழ்வான வேலையையே விரும்புகிறார்கள், அடிக்கடி வேலை மாறுவதில்தான் அவர்களுக்கு நிறைவு என்று சென்ற வாரம் தங்கள் இதழில் ஒரு கட்டுரை வந்திருந்தது. அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஓர் உதிரிபாகத் தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் இருபத்தாறு ஆண்டுகள் வருகைப் பதிவேடு எழுதியவன் நான். அதைப் படித்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

தமிழ்நாட்டில் 1981-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. 24 மாதங்களுக்குள் 480 நாள் வேலை பார்த்த தொழிலாளியை நிரந்தரமாக்க வேண்டும் என்பது அதன் சாரம். நல்ல சட்டம். ஆனால் அந்த 480-ஐத் தொழிலாளியைவிட நிர்வாகம்தான் கவனமாக எண்ணியது. 450-ஐ நெருங்கியவர்களின் பெயரை மாதக் கடைசியில் சிவப்பு மையால் வட்டமிட்டு மேலே அனுப்ப வேண்டும்; அது என் வேலை. வட்டம் விழுந்தவருக்கு ‘பிரேக்’, அதாவது 480 நாள் நிறைவதற்குள் வேலையிலிருந்து நிறுத்தம். சில மாதம் கழித்து அதே ஆள் வேறொரு கான்ட்ராக்டரின் பெயரில், புது டோக்கன் எண்ணோடு, அதே மிஷினின் முன்னால் வந்து நிற்பார். கணக்கு மறுபடியும் ஒன்றிலிருந்து தொடங்கும். அந்த வட்டங்களைப் போட்டது என் கைதான். ஓய்வுபெற்று இத்தனை நாளாகியும் அதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

செய்யாறு பக்கத்திலிருந்து வந்த ஓர் இளைஞர் பிரஸ் மிஷினில் ஆறு ஆண்டுகளில் நான்கு டோக்கன் பார்த்தவர். ஒருநாள் ஷிப்ட் முடிந்து வெளியே போகும்போது என் ஜன்னலருகே நின்று, மிஷினில் கிளட்ச் சத்தம் மூன்று நாளாகச் சரியில்லை என்று தணிந்த குரலில் சொன்னார். சூப்பர்வைசரிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். “குறை சொல்கிறவன் என்று பேராகிவிட்டால் அடுத்த பிரேக்குக்குப் பிறகு கூப்பிட மாட்டார்கள் சார்” என்றார். நானே போய்ச் சொன்னேன். மிஷினைப் பிரித்துப் பார்த்தார்கள். கிளட்ச் தேய்ந்து போயிருந்தது. பிரஸ்ஸில் வேலை பார்ப்பவருக்கு அது விரல் போகிற விஷயம். மூன்று நாளும் தெரிந்தே அதற்குள் கையை விட்டு எடுத்திருக்கிறார். அந்த மூன்று நாளில் யாராவது அவரிடம் வேலை பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தால், பிடித்திருக்கிறது என்றுதான் சொல்லியிருப்பார்.

நெகிழ்வான வேலையே கூடாது என்று நான் சொல்லவில்லை. என் மகள் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் நிரந்தர ஊழியர். வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. பேத்தியைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்து கணினி முன்னால் உட்காருகிறாள்; முகத்தில் அலுப்பே இல்லை. அது அவளாகக் கேட்டு வாங்கிய ஏற்பாடு. வேண்டாமென்றால் நாளைக்கே அலுவலகம் போகலாம், சம்பளம் குறையாது. செய்யாற்று இளைஞரின் ‘பிரேக்’ அவர் கேட்டு வந்ததா? கட்டுரையாளர் இரண்டையும் ஒரே சொல்லுக்குள் அடக்கிவிட்டதுதான் என் வருத்தம்.

தனியாரை மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. நம் அரசுக் கல்லூரிகளின் கௌரவ விரிவுரையாளர்களுக்கு ஆண்டில் 11 மாதம்தான் ஊதியம். முனைவர் பட்டம் பெற்றவர் மே மாத மளிகைக்குக் கடன் கேட்டு நிற்கிறார்.

2025 நவம்பர் 21 முதல் புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்துள்ளன. குறித்த காலப் பணியாளருக்கு ஓராண்டிலேயே பணிக்கொடை என்பதை மனதார வரவேற்கிறேன். ஆனால் ஆட்குறைப்புக்கு அரசின் முன் அனுமதி பெற வேண்டும் என்ற கட்டாயம், முன்பு 100 பேர் வேலை பார்த்த தொழிற்சாலைக்கே இருந்தது. இப்போது 300 பேர் இருந்தால்தான். நீக்குவதை எளிதாக்கினால், நீக்கப்பட்டவரின் வீட்டில் அடுப்பெரிய வழியும் சொல்ல வேண்டும். டென்மார்க்கிலும் ஆட்களை நீக்குவது எளிதுதான். ஆனால் அங்கே வேலையிழப்புக் காப்பீட்டில் சேர்ந்தவருக்கு இரண்டாண்டு வரை உதவித்தொகை உண்டு. நம் ஈ.எஸ்.ஐ.யின் ‘அடல் பீமித் வியக்தி கல்யாண்’ திட்டத்தில் வேலையிழந்தவருக்குக் கிடைப்பது சராசரிக் கூலியில் பாதி, அதிகபட்சம் 90 நாள், அதுவும் வாழ்நாளில் ஒரே முறை. மூன்று முறை பிரேக் வாங்கியவர் மற்ற இரண்டு முறைக்கு என்ன செய்வார்?

தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் தொழிற்சாலைக்கு வரும்போது, டோக்கன் எண்ணை மட்டும் பார்க்காமல், பி.எஃப்.பில் ஒவ்வொருவருக்கும் தரப்படும் பொது எண்ணான யு.ஏ.என்.னோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். டோக்கன் மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. ஒரே ஆள் எத்தனை பெயர்ப் பட்டியலில் இருந்திருக்கிறார் என்பது அரை மணி நேரத்தில் தெரிந்துவிடும். கட்டுரையாளருக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இளைஞர்களிடம் எத்தனை வேலை மாறினீர்கள் என்று கேட்கும்போது, அவற்றில் எத்தனையை நீங்களாக விட்டீர்கள் என்றும் சேர்த்துக் கேளுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டைம் ஆபீஸ் எழுத்தர்,
அம்பத்தூர், சென்னை.