மூன்று ஓடுபாதைகள் எதற்கு: டன்வில் போய்வந்த நண்பனுக்கு

வவுனியா
மாசி

அன்புள்ள மச்சான்,

கடிதமும் படங்களும் கிடைத்தன. இங்கே காலபோக வெட்டு முடியப்போகிறது. பிந்தி விழுந்த மழையில் பள்ளக்காணிகளில் கதிர் சாய்ந்துபோனது. அங்கே மெசின் இறங்காது, ஆள் பிடித்துத்தான் வெட்டுகிறார்கள். கூலி கேட்டால் தலை சுற்றும். மற்றபடி எல்லோரும் சுகம்.

இனி உன் கேள்வி. கனடாவின் ஒன்ராறியோவில் டன்வில் போன்ற சின்ன ஊரின் பழைய விமானத்தளத்துக்கு எதற்கு மூன்று ஓடுபாதைகள், அதுவும் முக்கோணமாய் என்று கேட்டிருந்தாய். காற்றுக்குத்தான் மச்சான், விமானம் காற்றுக்கு எதிராக இறங்குவதே நல்லது. அந்த இடம் விமானம் ஓட்டப் படிக்க வந்த பெடியன்களுக்காகப் போட்டது. கற்றுக்குட்டி விடும் பிழைகளில் பல பக்கக் காற்றில் விடும் பிழை.

இரண்டாம் உலக யுத்தத்துக்காக 1939 டிசம்பர் 17இல் பிரித்தானியா, கனடா, அவுஸ்திரேலியா, நியூசிலாந்து நான்கும் ஒட்டாவாவில் ஒப்பந்தம் எழுதின: விமானிகளையும் மற்ற விமானப் பணியாளர்களையும் கனடாவில் வைத்துப் பழக்குவது என்று. குண்டு விழாத வானம், பரந்த நிலம், பக்கத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகள். 1945 மார்ச்சில் திட்டத்தை மூடியபோது தேறியவர்கள் 131,553 பேர். டன்வில் 1940 நவம்பரில் திறந்த 6ஆம் இலக்க விமானப் பயிற்சிப் பள்ளி. நேரே அங்கே எவரும் போனதில்லை. ரொறன்ரோ கண்காட்சி மைதானத்தில், மாட்டுக் கண்காட்சி நடந்த கட்டடங்களில் படுத்து அணிநடை பழகி, பிறகு வகுப்பறைப் படிப்பு, அதற்குப் பிறகு ஒஷாவா போன்ற தொடக்கப் பள்ளியில் ஐம்பது மணி நேரத்துக்குக் குறையாமல் பறந்து, அதிலும் தப்பியவனுக்குத்தான் டன்விலில் ஹார்வர்ட் என்ற பாரமான பயிற்சி விமானம். நீ ஏஜாக்சிலிருந்து கிழக்கே போகும்போது ஒஷாவா விமான நிலையத்தைக் கடக்கிறாயே, அங்கேதான் 20ஆம் இலக்கத் தொடக்கப் பள்ளி இருந்தது, டைகர் மொத் என்ற சின்னப் பயிற்சி விமானங்களோடு.

அந்த விமானங்களுக்கு முன்னே இரண்டு பெரிய சில்லு, வாலில் ஒரு குட்டிச் சில்லு. பாரத்தின் மையம் முன் சில்லுகளுக்குப் பின்னால் விழும். நிலத்தில் ஓடும்போது வால் கொஞ்சம் விலகினால் பின்பாரம் அதை இன்னும் தள்ளும், விமானம் தட்டாமாலை சுற்றும். லாண்ட்மாஸ்டர் உழவு மெசினில் இழுவைப் பெட்டியைப் பூட்டிப் பின்னுக்கு எடுத்தவனுக்கு இது சொல்லாமலே விளங்கும். சுற்றினால் வெளிப்பக்கச் சிறகின் நுனி நிலத்தில் இடிக்கும், சில்லுக்கால் முறியும். பெரும்பாலும் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் விமானம் கிழமைக்கணக்கில் பட்டறையில் கிடக்கும்.

கவனி, இது வேகமாய் இறங்கும்போது அவ்வளவாக நடப்பதில்லை. இறங்கி, வேகம் குறைந்து, பெடியன் ‘அப்பாடா’ என்று மூச்சு விடும்போது நடக்கும். வாலில் திசை திருப்பும் சுக்கான் பிடிப்பது அதன்மேல் ஓடும் காற்றால். வேகம் விழ விழ அந்தப் பிடி போய்விடும், பக்கக் காற்றோ அப்படியே நிற்கும். ஹார்வர்டின் வால் சில்லு சுக்கானோடு சேர்ந்து ஒரு கோணம் வரைதான் திரும்பும். அதற்கு மேல் பிடி விட்டுத் தன்பாட்டில் சுழலும், பிறகு பிரேக் ஒன்றுதான் கதி. பதறி ஒரு பக்கப் பிரேக்கை ஏறி மிதித்தால் கதை முடிந்தது. கையிலுள்ள இயக்குதடியைப் பின்னுக்கு இழுத்து வாலை நிலத்தோடு அழுத்தி வைத்து, கால்களால் சின்னச் சின்னத் திருத்தங்களை உடனுக்குடன் கொடுக்க வேண்டும். விமானம் முற்றாக நின்ற பிறகுதான் காலைத் தளர்த்தலாம்.

இப்போது கணக்குக்கு வா. மூன்று பாதைகளை 60 பாகையில் போட்டால் இரு முனையும் சேர்த்து ஆறு திசை. காற்று எங்கிருந்து வந்தாலும் ஏதாவது ஒரு திசைக்கு 30 பாகைக்குள் விழும். 30 பாகைக்கு சைன் பாதி. மணிக்கு 20 மைல் காற்றென்றால் பக்கத்தில் அடிப்பது ஆகக்கூடினால் 10 மைல். ஒற்றைப் பாதையென்றால் முழு இருபதும் பக்கத்தில் அடிக்கும் நாளும் வரும். தொடக்கப் பள்ளிகள் பலவற்றில் இந்தக் கணக்கே வேண்டியிருக்கவில்லை. பெரிய புல்வெளி, காற்றைப் பார்த்து எந்தத் திசையிலும் இறங்கலாம். ஹார்வர்ட் பாரம் கூடியது, நாளெல்லாம் ஏறி இறங்கினால் புல் சேறாகிவிடும். அதனால்தான் தார்.

எங்கள் பக்கம் ஏன் முக்கோணம் இல்லை என்று கேட்பாய். தென்மேற்கிலிருந்து வரும் சோழகமும் வடகிழக்கிலிருந்து வரும் வாடையும்தான் இங்கே வருடத்தைப் பங்குபோடுகின்றன. பலாலி, இரத்மலானை, கட்டுநாயக்கா மூன்றின் பாதைகளும் தென்மேற்கு–வடகிழக்காகக் கிடப்பதைப் பார். ஒன்றே போதும். வவுனியாத் தளமும் அதே யுத்தத்தில் எழுந்ததுதான். 1943இல் பிரித்தானியரின் போபோர்ட் விமானங்கள் இங்கே நின்றன. ஆனால் இங்கே வந்தவன் வேறெங்கோ பழகி முடித்து வந்தவன். ஒன்ராறியோவின் காற்றுக்கு எங்களுடையதைப் போல ஒழுங்கு கிடையாது, காலையில் ஒன்று, மாலையில் இன்னொன்று. அதன் நடுவில் கிட்டத்தட்ட இருபது வயதுக்காரனைத் தனியே விட வேண்டும்.

தொடக்கப் பள்ளியில் வானொலியும் இல்லை. காற்றுப்பை, தரையில் இறங்கும் திசை காட்டும் வெள்ளை ‘ரி’ (T) எழுத்து, கோபுரத்திலிருந்து பச்சை அல்லது சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். டைகர் மொத்தில் ஆசிரியர் முன்னிருக்கையில் இருந்து ஒரு குழாய் வழியே கத்துவார். மாணவன் தனியே பறக்கும்போதும் பின்னிருக்கையில்தான் இருப்பான், பாரம் சரிவர அதுவே வழி. கனடாவில் செய்த டைகர் மொத் இங்கிலாந்துடையது போலல்ல. மூடிய கூண்டு, சூடு, வாலில் சறுக்குக் கட்டைக்குப் பதில் சில்லு, அத்தோடு பிரேக். பிரேக் வந்ததும் மூக்குக் குத்தும் ஆபத்தும் வந்தது, அதற்காக முன்கால்களைச் சற்று முன்னுக்குத் தள்ளி வைத்தார்கள். பனிக்காலத்தில் சில்லைக் கழற்றிச் சறுக்கு பூட்டுவார்கள்.

டன்விலில் யேல் என்றும் ஒன்று பறந்தது. பிரான்ஸ் வாங்கவிருந்து, 1940இல் பிரான்ஸ் விழுந்ததால் இந்தப் பக்கம் திரும்பிய விமானம். காட்டிகள் மீற்றர் அளவில், எஞ்சின் விசைப்பிடியும் தலைகீழ்: முன்னுக்குத் தள்ளினால் வேகம் குறையும். மாற்றாமல் மாணவனிடம் கொடுத்திருந்தால் என்ன ஆகும் என்று நீயே யோசி. ஹார்வர்டிலும் ஒரு பொறி உண்டு. சில்லையோ சிறகின் மடிப்பையோ அசைக்க முன் ஹைட்ரோலிக் அழுத்தப் பிடியை முதலில் அமுக்க வேண்டும், மறந்தால் நெம்புகோல் சொன்னபடி கேளாது. அதற்குத்தான் இறங்குமுன் சொல்லும் பட்டியலை வாய்ப்பாடு போல ஒப்புவிக்க வைத்தார்கள்.

டன்விலின் விமானக் கொட்டகைகளின் மரத்தைப் பற்றியும் கேட்டிருந்தாய். பிரித்தானியக் கொலம்பியாவின் டக்ளஸ் ஃபர் மரம். இரும்பு அப்போது கப்பலுக்கும் டாங்கிக்கும் போனது. அடுத்தமுறை போனால் கூரைச் சட்டங்களின் மூட்டுகளைக் கிட்டப் படமெடுத்து அனுப்பு, ஆணியா போல்ட்டா என்று பார்க்க வேண்டும். மவுண்ட் ஹோப் விமான நூதனசாலைப் பக்கம் போனால் ஹார்வர்டின் வால் சில்லையும் எடு.

அன்புடன்,
உன் மச்சான்