பசுமை வழக்குகளுக்கு நிரந்தர அரசு வழக்கறிஞர்கள் தேவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பாலாற்றுப் படுகையைத் தோல் தொழிற்சாலைக் கழிவுகள் பாழாக்கியது குறித்து 1991-இல் உச்ச நீதிமன்றம் சென்ற வழக்கில் 1996 ஆகஸ்டில் தீர்ப்பு வந்தது. மாசுபடுத்தியவரே இழப்பை ஈடுசெய்ய வேண்டும் என்பதை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதியாக ஏற்ற அந்தத் தீர்ப்புக்குப் பின்னும் சிக்கல் தீராமல், 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் மீண்டும் உத்தரவிட நேர்ந்தது. இதற்கிடையில் அரசுத் தரப்பு வழக்கறிஞர்கள் எத்தனை முறை மாறியிருப்பார்கள்? ஆட்சி மாறினால் அவர்களும் மாறுவதுதானே நம் மாநிலத்தின் எழுதப்படாத மரபு!

மாசு வழக்குகளில் இந்த மாற்றம் கூடுதலாகப் பாதிக்கிறது. ஆலைக் கழிவுநீரை ஆய்வுக்கு எடுக்கும்போது முறைப்படி அறிவிப்புக் கொடுத்து, ஆலைத் தரப்பினர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரித்து, முத்திரையிட்டு, இரு தரப்பும் கையொப்பமிட வேண்டும் என்கிறது 1974-ஆம் ஆண்டு நீர்ச் சட்டத்தின் 21-ஆவது பிரிவு. இதில் பிசகினால், ஆற்றில் நுரை பொங்கினாலும் அந்த ஆய்வறிக்கை சாட்சியமாகாது. மாதிரி எடுக்கப்போகும் பொறியாளருக்கு இதை முன்கூட்டியே சொல்லி வைக்கவும், பழைய வழக்குக் கட்டுகளில் எது எங்கே இருக்கிறது என்று தேடாமல் எடுக்கவும் தெரிந்தவர், இதே வேலையில் பல ஆண்டுகள் இருந்தவராகத்தான் இருக்க முடியும்.

சட்டக் கல்லூரியில் சுற்றுச்சூழல் சட்டம் கட்டாயப் பாடம். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வும் சென்னையிலேயே இருக்கிறது. ஆயினும், இத்துறையில் அரசுக்காக வாதாட விரும்பும் இளைஞர் ஒரு மூத்தவரிடம் ஜூனியராகச் சேர்ந்து, தம் பெயர் பரிந்துரைக்கப்படும் நாளுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது. குற்றவியல் நடுவர் நீதிமன்றங்களுக்கு அரசு உதவி வழக்கு நடத்துநர்களைத் தேர்வாணையம் வழியே நியமிக்கும் அரசு, சுற்றுச்சூழல் வழக்குகளுக்கும் அதேபோல் பதவி உயர்வுடன் கூடிய ஒரு நிரந்தரப் பணிநிலையை உருவாக்கலாம்.

மாதச் சம்பளத்துக்குத் திறமையான மூத்த வழக்கறிஞர்கள் வரமாட்டார்கள் என்பது உண்மையே. பெரிய வழக்குகளுக்கு அவர்களைத் தனியே அமர்த்திக்கொள்ளத் தடையில்லை. அவர்களுக்கு வழக்குக் கட்டைப் படித்துக் குறிப்பெடுத்துத் தர நிலையான ஆள் வேண்டும் என்பதே என் கோரிக்கை. அதுவரை, பதவி விலகும் ஒவ்வோர் அரசு வழக்கறிஞரும் நிலுவையிலுள்ள வழக்குகளின் நிலையை எழுத்தில் ஒப்படைத்த பிறகே அவருடைய கடைசிக் கட்டணம் வழங்கப்படும் என்று ஓர் அரசாணையாவது பிறப்பிக்க வேண்டும்.

இப்படிக்கு,
வழக்கறிஞர் ஒருவர்,
ஆம்பூர்.