கடன் பத்திரத்தில் கையெழுத்துப் போடும் முன்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பிய இரண்டு கல்லூரிகளின் விவரங்களையும் கடன் விண்ணப்பத்தையும் அப்பாவும் நானும் சேர்ந்து படித்தோம். உடற்கல்விப் பட்டம் வேண்டாம் என்று சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்தப் பேச்சு நம் வீட்டில் எப்போதோ முடிந்துவிட்டது. பிள்ளைகள் நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அவர்களை முறையாக ஆடவைக்கப் படித்தவர்கள் வேண்டும், நீ அதற்குப் பொருத்தமானவள். என் கவலையெல்லாம் கடனின் அளவைப் பற்றித்தான்.

பட்டம் முடித்தவர்களின் சராசரிச் சம்பளம் என்று ஒரு தொகையை அடிக்கோடிட்டு அனுப்பியிருந்தாய். அதை நம்பிக் கணக்குப் போடாதே. பத்துப் பேரில் ஒன்பது பேர் 20 வாங்குகிறார்கள், பெரிய அணி ஒன்றுக்குப் பயிற்சியாளராகப் போன ஒருவர் மட்டும் 220 வாங்குகிறார் என்று வை. சராசரி 40 ஆகிவிடும். அந்தப் பத்துப் பேரில் 40 வாங்குபவர் ஒருவர்கூட இல்லை. வரிசையில் நடுவில் நிற்பவர் என்ன வாங்குகிறார், படிப்பு முடிந்த முதல் ஆண்டில் என்ன வாங்கினார் என்று கேள். தவணை தொடங்கும்போது உன் கையில் இருக்கப்போவது அந்தச் சம்பளம்தான்.

இனி கடனுக்கு வருகிறேன். நான்கு ஆண்டுகளுக்கு ஆண்டுத் தொடக்கத்தில் 25 வீதம் மொத்தம் 100 வாங்குகிறாய், வட்டி 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். படித்து முடிக்கும்வரை தவணை இல்லை என்று விண்ணப்பத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். தவணைதான் இல்லை, வட்டி ஓடிக்கொண்டேதான் இருக்கும். முதல் 25-க்கு நான்கு ஆண்டு வட்டி, அடுத்ததற்கு மூன்று, பிறகு இரண்டு, ஒன்று. தனி வட்டியாகவே பார்த்தாலும் 25 வந்துவிடுகிறது. அது அசலில் சேர்ந்தால் பட்டம் வாங்கும் நாளில் உன் கடன் 125. அதைப் பத்து ஆண்டுகளில் அடைத்தால் மொத்தம் ஏறக்குறைய 198 கட்டியிருப்பாய். தவணை குறைவாக இருக்கட்டும் என்று பதினைந்து ஆண்டாக நீட்டினால் 242 ஆகிறது.

அதனால் அப்பாவும் நானும் ஒன்று முடிவு செய்திருக்கிறோம். நீ படிக்கும் காலத்து வட்டியை நாங்கள் மாதாமாதம் கட்டிவிடுகிறோம். அசல் 100-ஐத் தாண்டாது. இதை மறுக்காதே, எங்களால் முடிந்த உதவி இது.

படிப்புக் கடன் முதல் ஓராண்டுச் சம்பளத்தைத் தாண்டக்கூடாது என்று பலரும் சொல்வார்கள். அது வட்டியைப் பொறுத்தது. 5 சதவீத வட்டியில் பத்து ஆண்டுத் தவணை என்றால் சம்பளத்தில் ஏறக்குறைய 13 சதவீதம் போகும், 10 சதவீத வட்டியில் 16 சதவீதம். மருத்துவமோ பொறியியலோ படித்தவர்களுக்குச் சம்பளம் வேகமாக ஏறும் வாய்ப்பு அதிகம், அவர்கள் இதைத் தாங்கிவிடலாம். உன் துறையில் ஏற்றம் மெதுவாகத்தான் வரும். என்னைக் கேட்டால் அரை ஆண்டுச் சம்பளத்துக்கு மேல் கடன் வாங்காதே. அப்படியானால் தவணைக்கு 8 சதவீதம் போதும், வேலை மாறும்போது இரண்டு மாதம் இடைவெளி விழுந்தாலும் சமாளித்துக்கொள்வாய்.

இந்தப் படிப்பை நம்பிப் போகிறவர்களின் வேலைகள் எல்லாம் ஒரே மாதிரியானவை அல்ல. பள்ளியில் நிரந்தர ஆசிரியராக அமர்ந்துவிட்டால் விடுமுறையிலும் சம்பளம் வரும். ஒப்பந்த ஆசிரியர்களில் பலருக்கு வராது. உடற்பயிற்சிக் கூடத்தில் ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு என்று சொல்லும் தொகை பெரிதாகத் தெரியும். ஆனால் ஆட்கள் வருவது விடியற்காலையிலும் மாலையிலும்தான். நடுப்பகலுக்குக் கூலி கிடையாது, வருகிறேன் என்றவர் வராமல் போனால் அன்றைய வரும்படியும் போய்விடும். பிறகு, உன் உடல்தான் உனக்கு மூலதனம். முழங்கால் தசைநார் கிழிந்து அறுவை சிகிச்சை செய்துகொண்டால் மீண்டும் களமிறங்க ஒன்பது மாதமோ அதற்கு மேலோ ஆகும். கடனுக்கு அந்த ஓய்வு கிடையாது. இன்னொன்று, இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு இயன்முறை மருத்துவம் பார்க்க முடியாது. அதற்குப் படிப்பும் வேறு, உரிமமும் வேறு. இரண்டும் ஏறத்தாழ ஒன்றுதான் என்று சேர்க்கை அலுவலகத்தில் யாராவது சொன்னால் எழுதித் தரச் சொல்.

இரண்டு கல்லூரிகளில் எனக்குப் பிடித்தது சிறியதுதான். பெரிய கல்லூரியின் கையேட்டில் முதல் பக்கத்திலேயே நீலநிற ஓடுபாதையின் படம், அழகாகத்தான் இருக்கிறது. கடைசிப் பக்கத்தில் கட்டணப் பட்டியலுக்குக் கீழே பொடி எழுத்தில் சீருடை, காலணி, முகாம், காப்பீடு எல்லாவற்றுக்கும் தனிக் கட்டணம் என்று இருக்கிறது. மேலும், அங்கே பட்டம் முடித்த பிறகு கற்பிக்கும் தகுதிக்குத் தனியாக இன்னோர் ஆண்டு படிக்க வேண்டும். அந்த ஆண்டின் கட்டணத்தோடு, அந்த ஆண்டில் நீ சம்பாதித்திருக்கக்கூடியதையும் செலவில் சேர்த்துக்கொள். சிறிய கல்லூரியில் அந்தத் தகுதி பட்டத்தோடே வந்துவிடுகிறது. உன்னை வேலைக்கு எடுக்கும் பள்ளி அந்தத் தகுதியைத்தான் பார்க்கும், நீ எந்தப் பாதையில் ஓடினாய் என்று கேட்காது.

உன் மனம் இன்னும் பெரிய கல்லூரியில்தான் இருக்கிறது என்றால், அங்கே படித்து ஐந்து ஆண்டு ஆனவர்கள் இரண்டு மூன்று பேரைத் தேடிப் பிடித்துப் பேசு. கல்லூரியே அறிமுகப்படுத்தும் ஆட்களாக இருக்க வேண்டாம். இப்போது என்ன வேலை, மாதம் தவணைக்கு எவ்வளவு போகிறது என்று கூச்சப்படாமல் கேள். வங்கியில் வட்டி நிலையானதா, மாறக்கூடியதா என்றும், முன்கூட்டியே அடைத்தால் அபராதம் உண்டா என்றும் கேட்டு எங்களுக்கு எழுது. ஜாமீன் கையெழுத்துப் போட அப்பா தயாராக இருக்கிறார். அந்தப் பதில்களைப் பார்த்துவிட்டுப் போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

அன்புடன்,
அம்மா