வரப்புக்கும் ஆட்டுக்கிடைக்கும் கைகொடுத்தவர்களுக்கு

சிவகங்கைச் சீமையின் செம்மண் காட்டில் மண்ணையும் மழைத்தண்ணியையும் காப்பாற்ற எங்களுக்குத் துணைநின்ற எல்லோருக்கும் மழையை நம்பி விதைக்கும் மானாவாரிச் சம்சாரிகளின் வணக்கம்.

பொத்தாம்பொதுவாக நன்றி சொன்னால் யார் கை எந்த வேலையில் பட்டது என்பதே மறைந்துபோகும். அதனால் வேலையைச் சொல்லியே நன்றி சொல்கிறோம். அடுத்த ஊர்க்காரர் வாசித்தாலும் அவருக்கு உதவட்டும்.

முதல் நன்றி டியூப் லெவல், அதாவது தண்ணி நிரப்பி மட்டம் பார்க்கும் குழாய், கொடுத்த கொத்தனாருக்கு. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் ஓர் ஏக்கரில் நாற்பதாயிரம் லிட்டர் விழுகிறது, பன்னிரண்டாயிரம் லிட்டர் லாரியில் மூன்றுக்கும் மேல். அதை நிறுத்தாமல் உரம் கொட்டினால் உரமும் ஓடையோடு போய்விடும். கண்மதிப்பில் போட்ட வரப்பு அதை நிறுத்தாது. தாழ்ந்த இடத்தில் தண்ணி கூடி அங்கேயே உடைக்கும். கண்ணாடிபோல உள்ளே தெரியும் அந்தக் குழாயில் தண்ணியை மெல்ல ஊற்றி, இரண்டு முனையையும் சேர்த்துப் பிடித்து மட்டம் ஒன்றாக நிற்கிறதா என்று பார்த்த பிறகே அளக்கத் தொடங்க வேண்டும் என்றீர்கள். உள்ளே ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் மட்டம் பொய் சொல்லும். ஒரே மட்டத்தில் உள்ள இடங்களைச் சுண்ணாம்பால் இணைத்து, நிலம் ஓரடி இறங்கும் இடத்தில் அடுத்த கோடு போட்டோம். நூறடிக்கு ஓரடி இறங்கும் காட்டில் வரப்புக்கு வரப்பு நூறடி வருகிறது.

நூறு நாள் வேலைக்கு வந்த அக்காமார்களே, வரப்பு நிற்பது மண்ணை இடித்து இறுக்கிய உங்கள் திமிசுக்கட்டையால். வரப்பின் அடிப்பக்க அகலம் 4 அடி, தலை அகலம் 1 அடி, உயரம் ஒன்றரை அடி. இதற்கு வேண்டிய மண் மேட்டுப்பக்கம் இரண்டரை அடி அகலம், ஒன்றரை அடி ஆழக் குழியிலிருந்து பெரும்பாலும் கிடைத்துவிடும். குழிக்கும் வரப்புக்கும் நடுவில் ஓரடி விட வேண்டும். விடாவிட்டால் வரப்பின் கால் குழிக்குள் சரியும். காய்ந்த மண்ணை ஒரேயடியாகக் குவித்தால் முதல் பெருமழையில் அமுங்கிப்போகும். அரையடிக்கு ஒருமுறை தண்ணி தெளித்து இடித்தீர்கள். குழியையும் நீளமாக ஓட்டாமல் பத்தடிக்கு இரண்டடி வெட்டாமல் விட்டீர்கள். அந்தத் தடுப்பு இல்லையென்றால் குழியே வாய்க்காலாக மாறி மண்ணை அரித்துக்கொண்டு ஓடும். வரப்புத் தலைக்கு அரையடி தாழ்வாக, மூன்றடி அகலத்தில் கல் பரப்பிய கலிங்கு, மிச்சத் தண்ணி வழியும் வாய், வைத்ததும் நீங்கள்தான். கலிங்கு இல்லாத வரப்பு எப்படியும் ஒரு வருஷம் உடையும். வரப்பில் விதைத்த கொழுக்கட்டைப்புல் வேர்பிடிக்கும் வரை எலி வளையை மட்டும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

ஜேசிபி ஓட்டிய தம்பிக்கு: பண்ணைக்குட்டை வெட்டும்போது மேல்மண் அரையடியைத் தனியே ஒதுக்கினாயே, அதற்கு நன்றி. அந்த மண் காட்டுக்குத் திரும்பிவிட்டது. அடியில் வந்த சரளை குட்டைக்கரையோடு நின்றது. மாற்றிப் பரப்பியிருந்தால் அந்த இடத்தில் எள்ளுகூட முளைக்காது. டிராக்டர் அண்ணனுக்கும் ஒரு வார்த்தை. சரிவுக்குக் குறுக்கே உழுதால் திருப்பம் கூடும், டீசலும் கூடும். முணுமுணுத்துக்கொண்டேதான் உழுதீர்கள், ஆனால் குறுக்கே உழுதீர்கள்.

கண்மாய் வண்டலுக்கு வட்டாட்சியர் அனுமதிக்கு மனு எழுதிக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. புன்செய் ஏக்கருக்கு 90 கன மீட்டர் என்பது பெரிய அளவாகத் தெரியும். பரப்பினால் ஓர் அங்குலம்கூட இல்லை. கட்டியைச் சித்திரை வெயிலில் வெடிக்கவிட்டு, கோடை மழை ஈரத்தில் உழுது கலக்க வேண்டும். அப்படியே விட்டால் மேலே தட்டாக இறுகி முளையைத் தடுக்கும். வெள்ளை பூத்த வண்டல் உப்பு, வண்டி வாடகையே இல்லை என்றாலும் ஏற்றக் கூடாது.

விதை கொடுத்த அப்பத்தாக்களே, இயற்கை விவசாயம் பேசிய கோ. நம்மாழ்வார் ஊர் ஊராகச் சொல்லிவிட்டுப் போன பலதானிய விதைப்புக்கு உங்கள் அடுக்குப்பானைதான் ஆதாரம். தானியம், பயறு, எண்ணெய் வித்து, வாசனைப் பயிர், பசுந்தாள் என்று ஐந்து வகையும் சேர்த்து ஏக்கருக்கு 20 கிலோ. கம்பு, தினை, எள், கடுகு போன்ற பொடி விதையை மணலோடு கலந்து தனியே தூவச் சொன்னீர்கள். ஆமணக்கோடும் கடலையோடும் ஒரே கூடையில் போட்டால் பொடி அடியில் தங்கி, ஒரு மூலையில் மட்டும் கொத்தாக முளைக்கும். பூவெடுக்கும் 45, 50 நாளில் மடக்கி உழ வேண்டும். தண்டு முற்றினால் மட்க நாளாகும், மட்கும்வரை மண்ணிலுள்ள தழைச்சத்தையும் அதுவே பிடித்துவைத்துக்கொள்ளும். எங்களைப் போன்ற வானம் பார்த்த பூமிக்கு இன்னொன்று. மழை குறைந்த வருஷம் மடக்கி உழாதீர்கள், இருக்கிற ஈரமும் ஆவியாகும். அறுத்து மண்ணை மூடும் மூடாக்காகப் போட்டால் போதும். அதையும் மண் நனைந்த பிறகே போட வேண்டும். காய்ந்த மண்மேல் போட்டால் தூறல் முழுவதும் சருகோடு நின்றுவிடும்.

ஆட்டு மந்தையைக் காடுகாடாக ஓட்டிவந்து இரவில் கிடை போடும் கீதாரி அண்ணன்மார்களுக்குக் கடைசியில் எழுதுவது, நன்றி குறைவென்பதால் அல்ல. ‘ஆட்டு எரு அந்த வருஷம், மாட்டு எரு மறு வருஷம்’ என்ற சொல் உங்கள் கிடையைப் பார்த்துப் பிறந்ததுதானே. ஓர் ஆடு ஓர் இரவில் அரைக் கிலோ அளவுக்குப் புழுக்கை போடும். 300 உருப்படியை நெருக்கி அடைத்தால் ஓர் ஏக்கரை மூட 12 இரவு. கணக்குப் பார்த்தால் ஏக்கருக்கு 1,800 கிலோ, மூத்திரம் தனி. தினம் பட்டியை நகர்த்தி, விடியுமுன் ஆட்டை எழுப்பி அங்கேயே சாணி மூத்திரம் விடவைத்து, பிறகுதான் மேய்ச்சலுக்கு ஓட்டினீர்கள். எங்கள் பங்கு, கிடை பெயர்ந்த ஓரிரு நாளில் மேலாக உழுவது. வெயிலில் விட்டால் மூத்திரத்தின் சத்து நெடியாகக் காற்றில் போய்விடும். ஒரே இடத்தில் மூன்று நாலு இரவு ஆட்டை மறித்தால் பயிர் கொழுத்துச் சாயும் என்று எச்சரித்ததும் நீங்கள்தான். உங்கள் ஆடு தின்ற சீமைக்கருவேல நெற்றும் புழுக்கையோடு வந்து முளைத்தது. அதற்குக் கோபமில்லை, இரண்டிலைப் பருவத்தில் விரலால் பிடுங்கினால் வந்துவிடும். வேர் இறங்கிய பிறகு கடப்பாரைதான்.

இந்த வருஷம் அறுப்பு தை கடைசியில் முடியும். மாசி பிறந்ததும் மேலக்காட்டிலிருந்து கிடையைத் தொடங்கலாம். பண்ணைக்குட்டையில் அப்போது ஆட்டுக்கு வேண்டிய தண்ணி கிடக்கும். ராக்கூலி போன வருஷத்தைவிடக் கூட்டித் தருவதாகப் பேசி முடித்துவிட்டோம். காவல் நாய்களுக்குக் கஞ்சி எங்கள் வீடுகளில் முறைவைத்து வரும்.