நமது ஜூடோ சங்கம்: செயலாளர் ஆண்டறிக்கை

உறுப்பினர்களுக்கும் பெற்றோருக்கும் வணக்கம். வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். கிழிந்த மேட்டுகளை மாற்றியாகிவிட்டது, சிறுவர் வகுப்பில் கூட்டம் கூடியிருக்கிறது, அது போதும். இந்த ஆண்டு நம் மாஸ்டர்களும் நிர்வாகக் குழுவும் அதிகம் பேசியது ஜப்பானின் ஜூடோ வீரராக இருந்து பயிற்சியாளரான கோசெய் இனோவே பற்றித்தான், அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1978இல் ஜப்பானின் மியாசாகியில் பிறந்தவர், அப்பா போலீஸ்காரர். 1999இல் அம்மா இறந்துபோனார். அடுத்த ஆண்டே சிட்னி ஒலிம்பிக்கில், 100 கிலோ பிரிவில் எல்லா ஆட்டத்தையும் இப்பானில், அதாவது ஆட்டத்தை அங்கேயே முடித்துவைக்கும் முழுப் புள்ளியில், முடித்து, அம்மாவின் படத்தோடு பதக்க மேடை ஏறினார். இறுதியில் கனடாவின் நிக்கோலா கில்லைச் சாய்த்தது அவருடைய உச்சிமாட்டா. எதிராளியை முன்னால் இழுத்து நிலை குலையவைத்து, சட்டென்று திரும்பி உள்ளே நுழைந்து, அவர் தொடைகளுக்கு நடுவே காலை மேலே வீசுகிற அந்த வீச்சை நம் சீனியர் பிள்ளைகள் ஸ்லோ மோஷனில் ஓட்டி ஓட்டிப் பார்க்கிறார்கள். காலை மட்டும் பார்க்காதீர்கள், கை இழுப்பைப் பாருங்கள்.

அப்புறம் 2004 ஏதென்ஸ். ஜப்பான் குழுவுக்கே கேப்டனாகப் போனவர் காலிறுதியில் தோற்றார், வெண்கலத்துக்கான வழியிலும் தோற்றார், வெறுங்கையோடு திரும்பினார். நல்ல பயிற்சியாளர் உருவானது இங்கேதான் என்று நான் நம்புகிறேன்.

2012 லண்டனில் ஜப்பான் ஆண்கள் ஒரு தங்கம்கூட வாங்கவில்லை, 1964இல் ஜூடோ ஒலிம்பிக்கில் சேர்ந்த பிறகு அவர்கள் கலந்துகொண்ட போட்டிகளில் இப்படி நடந்தது அதுதான் முதல்முறை. அந்த நிலையில்தான் ஆண்கள் அணியின் தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு இவர் கைக்கு வந்தது. 2013 தொடக்கத்தில் பெண்கள் அணியில் 15 வீராங்கனைகள் பயிற்சியில் அடி உதை என்று புகார் கொடுத்த விவகாரமும் வெடித்தது. நாள் முழுக்கப் போட்டுப் பிழிவதுதான் பயிற்சி என்ற பழக்கத்தை இனோவே மாற்றினார்: சாம்போ போன்ற மற்ற மல்யுத்தங்களைக் கற்கவைத்தார், எதிராளிகளின் ஆட்டத்தைத் தரவு வைத்து அலசவைத்தார், வீரர்களையே யோசிக்கச் சொன்னார். 2016 ரியோவில் ஏழு எடைப் பிரிவிலும் பதக்கம், அதில் இரண்டு தங்கம். டோக்கியோவில் ஐந்து தங்கம்.

ஆனால் எனக்கு இதைவிடப் பெரிதாகப் படுவது 2020 பிப்ரவரி. டோக்கியோ அணியை அறிவிக்க வந்தவர், இடம் கிடைக்காத வீரர்களின் முகம்தான் நினைவுக்கு வருகிறது என்று சொல்லி எல்லோர் முன்னாலும் அழுதுவிட்டார்.

நம் மாவட்டத் தேர்விலும் விடுபடும் பிள்ளைகள் உண்டு, அவர்களில் சிலர் அதோடு வகுப்புக்கு வருவதையே நிறுத்திவிடுகிறார்கள். அதனால் வரும் ஆண்டு முதல், பட்டியலைப் பலகையில் ஒட்டுவதற்கு முன்னால், தேர்வாகாத ஒவ்வொருவரிடமும் மாஸ்டர் தனியாக உட்கார்ந்து பேச வேண்டும் என்ற தீர்மானத்தை முன்வைக்கிறேன். பிள்ளைகள்மேல் கை வைக்கக் கூடாது என்பதையும் விதியாகவே எழுதிவிடுவோம். பெற்றோர் இரண்டையும் ஆதரித்து வாக்களிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்