கௌபாய் தொப்பிக்குப் பெட்டி வாங்குவோர் கவனத்திற்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு மலரில் பயணப் பைகளைப் பற்றித் தாங்கள் வெளியிட்ட கட்டுரையைப் படித்தேன். மடிக்கணினி, கேமரா, பட்டுப்புடவை என ஒவ்வொன்றையும் எப்படிக் கொண்டுசெல்ல வேண்டும் என்று பொறுப்போடு விளக்கிய கட்டுரையாளர், தொப்பிக்கு வந்ததும் கெட்டியான பெட்டியாகப் பார்த்து வாங்கினால் போதும் என்ற ஒரே வரியோடு முடித்துவிட்டார். கெட்டியான பெட்டிக்குள்ளேயே ஒரு நல்ல தொப்பி கெட்டுப்போனதைக் கண்டவன் என்ற முறையில், கௌபாய் தொப்பி வைத்திருப்போருக்கும் வாங்க எண்ணுவோருக்கும் பயன்படும் என்று நம்பி இதை எழுதுகிறேன்.

இது நமக்குத் தொடர்பில்லாத பொருள் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆயர் ஈத்தாமில் லைன் டான்ஸ் எனும், வரிசையாக நின்று ஆடும் அமெரிக்க நடனம் ஆடும் எங்கள் சிறு குழுவில் மட்டும் 11 பேரிடம் இத்தொப்பி இருக்கிறது. கோலாலம்பூரில் நடக்கும் ஒன்றுகூடல்களுக்குப் பட்டர்வொர்த்திலிருந்து ரயில் ஏறும்போதெல்லாம் தொப்பியை எங்கே வைப்பது என்பதே எங்கள் முதல் பேச்சாக இருக்கும். டெக்சாஸ் பக்கம் படிக்கவோ எண்ணெய்த் தொழிலில் வேலை பார்க்கவோ போன பிள்ளைகள், ஊர் திரும்பும்போது அப்பாவுக்கென்று ஆசையாக வாங்கிவருவதும் இதைத்தான். என் தொப்பியும் அப்படி ஹூஸ்டனிலிருந்து என் மகள் கொண்டுவந்ததே. முயல் முடியில் செய்த ஃபெல்ட் தொப்பி; தன் முதல் மாதச் சம்பளத்தில் வாங்கினாள்.

அதற்கென்று ஒரு பெட்டியும் தனியாக வாங்கியிருந்தாள். வட்ட வடிவில், முழுப்பலத்தோடு அழுத்தினாலும் நெளியாத கறுப்பு பிளாஸ்டிக் பெட்டி. பாயான் லெப்பாஸ் விமான நிலையத்தில் அது வந்து இறங்கியபோது ஒரு கீறல்கூட இல்லை. வீட்டுக்கு வந்து திறந்தபோது வலப்பக்க விளிம்பு தட்டையாகி, முன்விளிம்பு அலை அலையாக நெளிந்திருந்தது. பெட்டியை யாரும் தூக்கி எறியவில்லை. அப்படி எறிந்திருந்தாலும் அது தாங்கியிருக்கும். தொப்பி தன் விளிம்பின்மீதே உட்காரவைக்கப்பட்டு, மேலிருந்து மூடி அழுத்த, ஒரு நாளுக்கும் மேலாக அதே நிலையில் இருந்ததுதான் காரணம். மகளின் முகம் வாடியதைப் பார்த்தபோது, தொப்பி கெட்டதைவிட அதுவே எனக்குப் பெரிய வருத்தமாக இருந்தது.

இந்த விளிம்பு ஏன் இவ்வளவு எளிதில் கெடுகிறது என்பதற்கு அதன் வரலாற்றிலேயே விடை இருக்கிறது. அமெரிக்கத் தொப்பித் தயாரிப்பாளர் ஜான் பி. ஸ்டெட்சன் 1865ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் தொழில் தொடங்கி விற்ற, கௌபாய் தொப்பியின் முன்னோடியான 'பாஸ் ஆஃப் தி பிளெயின்ஸ்' என்ற தொப்பிக்கு விளிம்பு தட்டையாகவும் தலைப்பகுதி பள்ளம் ஏதுமின்றி உருண்டையாகவும் இருந்தன. பக்க விளிம்புகள் மேல்நோக்கி வளைந்ததும், உச்சியில் பள்ளமும் முன்னால் இருபுற ஒடுக்கங்களும் விழுந்ததும் அணிந்தவர்களின் பழக்கத்தால் பின்னர் வந்தவை. தட்டை விளிம்புக்கு வட்டப் பெட்டி பொருந்தும். இன்றைய தொப்பியோ முன்னும் பின்னும் தாழ்ந்து, இரு பக்கமும் உயர்ந்து, குதிரைச் சேணத்தைப் போல வளைந்திருக்கிறது. அதைச் சமதளத்தில் விளிம்பு படும்படி வைத்தால் முன்முனையும் பின்முனையும் மட்டுமே முழு எடையையும் சுமக்கின்றன. மேலும் ஃபெல்ட் என்பது நெய்த துணி அன்று. விலங்கின் முடியை ஈரத்திலும் சூட்டிலும் பிசைந்து ஒன்றோடொன்று சிக்கவைத்து, ஆவி காட்டி அச்சில் ஏற்றி வடிவம் கொடுக்கிறார்கள். அந்த வடிவம் ஈரமும் சூடும் அழுத்தமும் மறுபடி ஒன்றுசேர்ந்தால் கலைந்துவிடும்.

ஆகவே பெட்டி வாங்கும்போது வெளிச்சுவரைத் தட்டிப் பார்ப்பதற்கு முன், உள்ளே தொப்பி எதன்மீது அமர்கிறது என்று பார்க்க வேண்டும். நல்ல பெட்டியில் தொப்பி தலைகீழாக, உச்சி கீழே வரும்படி, நுரைப்பஞ்சில் குடைந்த பள்ளத்துக்குள் இறங்கி நிற்கும். அல்லது நிமிர்ந்த நிலையிலேயே, தலை நுழையும் குழிக்குள் ஒரு மேடு புகுந்து அதைத் தாங்கும். எந்த முறையாயினும் விளிம்பு எதன்மீதும் படாமல் அந்தரத்தில் இருக்க வேண்டும். இதைக் கடையிலேயே சோதித்துவிடலாம். தொப்பியை உள்ளே வைத்து, மூடும் முன் விளிம்பைச் சுற்றி விரலை ஓட்டினால் ஓரிடத்திலும் தடை தெரியக் கூடாது. பிறகு விளிம்பின்மேல் நான்கு இடங்களில் தளர்வாகக் கசக்கிய மெல்லிய காகிதத்தை வைத்து மூடித் திறந்தால், காகிதம் நசுங்கிய இடம் மூடி எங்கே அழுத்துகிறது என்பதைக் காட்டிக்கொடுக்கும். கடைசியாக மூடிய பெட்டியை மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே தட்டும் ஓசை கேட்டால் தலைப்பகுதிக்குப் பிடிமானம் இல்லை என்று பொருள். அந்தக் குறையை ஒரு பருத்தித் துண்டைச் சுருட்டி வைத்துச் சரிசெய்துகொள்ளலாம். விளிம்பு அழுந்தும் குறைக்கோ வீட்டில் செய்யக்கூடிய மாற்று ஏதும் இல்லை. அந்தப் பெட்டியை விட்டுவிடுவதே நல்லது.

தொப்பியின் உருவத்திலேயே வார்த்த பெட்டிகளும் விற்பனைக்கு வருகின்றன. பார்க்க அழகாக இருந்தாலும், அவற்றின் விளிம்பு வளைவு தொழிற்சாலையில் முன்பே முடிவு செய்யப்பட்டது. உங்கள் தொப்பியின் பக்க விளிம்பு அதைவிட உயர்ந்து வளைந்திருந்தால், ஒவ்வொரு முறை மூடும்போதும் தொப்பி சிறிது சிறிதாகப் பெட்டியின் வளைவுக்கு மாறிக்கொண்டே போகும்.

அளவைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனெனில் பலரும் தலையின் சுற்றளவைச் சொல்லிப் பெட்டி கேட்கிறார்கள். என் தலைச் சுற்றளவு 59 செ.மீ.; அமெரிக்கத் தொப்பி அளவில் 7⅜. இந்த எண் தொப்பி வாங்க உதவுமே தவிர, பெட்டிக்கு வேண்டியவை வேறு மூன்று அளவுகள். முன்விளிம்பின் நுனியிலிருந்து பின்விளிம்பின் நுனிவரை நீளம், பக்க விளிம்புகளின் மிக அகன்ற இடத்தில் அகலம், தாழ்ந்த முனையிலிருந்து உச்சிவரை உயரம் ஆகியவையே அவை. ஏறத்தாழ 10 செ.மீ. விளிம்புள்ள என் தொப்பிக்கு அவை முறையே 38, 31, 15 செ.மீ. ஒவ்வொரு பக்கமும் 1 செ.மீ. இடைவெளி விட்டால் உள்ளளவு 40, 33, 17 செ.மீ. இருந்தாக வேண்டும். விளம்பரங்களில் பெரும்பாலும் போடப்படுவது வெளியளவு. நான்கு புறமும் 2 செ.மீ. நுரைப்பஞ்சு இருந்தால் நீளத்திலும் அகலத்திலும் 4 செ.மீ. குறைந்துவிடும் என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

விமானத்தில் கைப்பையாகக் கொண்டுபோவதாக இருந்தால் இன்னொரு கணக்கும் சேர்கிறது. மலேசியா ஏர்லைன்ஸ், ஏர் ஏசியா இரண்டிலும் கைப்பைக்கு அனுமதிக்கப்படும் அளவு நீளம் 56, உயரம் 36, அகலம் 23 செ.மீ.; எடை 7 கிலோ. என் தொப்பியின் நீளமே 38 செ.மீ. என்பதால், அதை ஏற்கும் வட்டப் பெட்டியின் விட்டம் 40 செ.மீட்டருக்குக் குறையாது, 36 செ.மீ. வரம்பை அது எளிதாகத் தாண்டிவிடும். நீள்வட்டமாகவோ நீள்சதுரமாகவோ உள்ள பெட்டி, அதன் சுவரும் நுரைப்பஞ்சும் சேர்ந்து ஒரு பக்கத்துக்கு 1.5 செ.மீட்டருக்கு மிகாவிட்டால், அதே தொப்பியை ஏற்றுக்கொண்டும் வரம்புக்குள் அடங்கும். என் மகளின் வட்டப் பெட்டி சரக்குப் பகுதிக்குப் போனதற்கு இதுதான் காரணம். விதிகள் மாறக்கூடியவை ஆதலால், பயணச்சீட்டு எடுக்கும்போதே ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுதல் நல்லது.

பெட்டி செய்யப்பட்ட பொருளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடையில் தொப்பியோடு தரும் அட்டைப்பெட்டி அலமாரிக்கு ஏற்றது; நம் ஊர் மழையில் ஒருமுறை நனைந்தாலே தளர்ந்துவிடும். துணிப்பை தூசியைத் தடுக்கும், அவ்வளவே. அழுத்தி வார்த்த நுரையால் ஆன, ஜிப் வைத்த பெட்டிகள் எடை குறைந்தவை. கையிலேயே வைத்திருக்கும் ரயில் பயணத்துக்கும் கார் பயணத்துக்கும் அவை போதும். சரக்குப் பகுதிக்கு அனுப்பத்தான் வேண்டும் என்றால் கெட்டியான பிளாஸ்டிக்கைத் தவிர வேறெதையும் நம்ப வேண்டாம்.

குளிர்நாட்டவர் சொல்லும் அறிவுரைகளில் பெரும்பாலும் இடம்பெறாத ஒன்றை நம் நாட்டினர் அவசியம் கவனிக்க வேண்டும். பினாங்கில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலான நாள்களில் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. காற்றுப் புகாத பெட்டியில், நெற்றி வியர்வை உலராத தொப்பியை வைத்து மூடினால், உட்புறத் தோல் பட்டையில் சில வாரங்களிலேயே வெள்ளைப் பூஞ்சணம் பிடித்துவிடும். ஆவி காட்டிச் சரிசெய்த பிறகு என் தொப்பியை அதே பெட்டியில் பூட்டி அலமாரியின் மேல்தட்டில் வைத்த நான், இரண்டு மாதம் கழித்துத் திறந்தபோது இதைத்தான் கண்டேன். ஆகவே சிறு காற்றுத்துளைகள் உள்ள பெட்டியைத் தேர்ந்தெடுப்பது நல்லது. துளை இல்லாவிட்டால், ஃபெல்ட் தொப்பியோடு சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றை விளிம்பில் படாமல் வைக்கலாம். ஓலைத் தொப்பிக்கு அதை வைக்க வேண்டாம். ஓலை அளவுக்கு மீறி உலர்ந்தால் மடிப்புகளில் வெடிக்கும். எதுவாயினும் பெட்டி பயணத்துக்கு மட்டுமே. ஊர் சேர்ந்த அன்றே தொப்பியை வெளியே எடுத்து, தோல் பட்டையை வெளிப்புறமாக மடக்கி, உச்சி கீழே இருக்கும்படி நிழலில் வைத்துவிட வேண்டும். அந்துப்பூச்சியின் புழுக்கள் முடியைத் தின்பவை ஆதலால், நீண்ட நாள் எடுக்காமல் வைத்திருப்போர் மாதம் ஒருமுறையாவது தூரிகையால் துடைத்துப் பார்ப்பது அவசியம்.

வெயிலில் நிறுத்திய காரில், எவ்வளவு நல்ல பெட்டியில் இருந்தாலும், தொப்பியை விட்டுச்செல்லக் கூடாது. சூட்டில் தோல் பட்டை உலர்ந்து சுருங்கி, அதனோடு தொப்பியும் இறுகிவிடும். எங்கள் குழுவில் ஒருவருக்கு இப்படி ஒரே பிற்பகலில் தொப்பி தலையில் ஏறாமல் போயிற்று.

உங்கள் தொப்பிக்குப் பொருந்தும் பெட்டி கிடைக்கவில்லை என்றால், பொருந்தாத பெட்டியை வாங்குவதைவிடத் தொப்பியைத் தலையில் அணிந்தே பயணம் செய்வது மேல். இருக்கையில் அமர்ந்ததும் அதைத் தலைகீழாக மடியில் வைத்துக்கொள்ளலாம். மேல் அடுக்கில் வைப்பதானால் மற்றவர்கள் பைகளை வைத்து முடித்த பிறகு, எல்லாவற்றுக்கும் மேலாக வைக்க வேண்டும்.

இவ்வட்டாரத்தில் தொப்பிப் பெட்டி விற்கும் வணிகர்களுக்கும் இணையத்தில் விற்போருக்கும் தங்கள் நாளிதழ் வாயிலாக ஒரு வேண்டுகோள். வெளியளவோடு, நுரைப்பஞ்சு போக உள்ளே எஞ்சும் நீளம், அகலம், உயரம் ஆகியவற்றையும், மூடியைத் திறந்து எடுத்த ஒரு படத்தையும் சேர்த்து வெளியிடுங்கள். என் மகள் பெட்டி வாங்கிய அன்று அந்த மூன்று எண்கள் எழுதப்பட்டிருந்தால், அவளே தொப்பியை அளந்து பார்த்து அதை வாங்காமல் விட்டிருப்பாள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
ஆயர் ஈத்தாம், பினாங்கு