உங்களை அனுப்பியவர்கள் யார் என்று எழுது

கர்த்தருக்குள் அன்பான மகளுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. நேற்று ஆலயத்துக்கு நடந்தே வந்தாள். ஜெபத்தாலும் காணிக்கையாலும் உங்களைத் தாங்குகிறவர்களுக்கு அனுப்புவதற்காக நீயும் மாப்பிள்ளையும் எழுதிய ஜெபக் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். மொழி நன்றாக இருக்கிறது, உண்மையும் இருக்கிறது. ஆனாலும் அதை இப்படியே அனுப்ப வேண்டாம் என்பது என் எண்ணம். காரணத்தை விரிவாகவே எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

நான்கு பக்கக் கடிதத்தில் உங்களை அனுப்பிய சபைக்குக் கிடைத்திருப்பது ஒரே வரி. திருமங்கலத்துக்குப் பக்கத்திலுள்ள எங்கள் தாய்ச்சபையின் ஆசீர்வாதத்தோடு வந்தோம் என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே ஒடிசாவின் ராயகடாவுக்குப் போய்விட்டீர்கள். அதற்குப் பிறகு எல்லாம் 'நாங்கள்', 'எங்கள் ஊழியம்', 'எங்கள் தேவைகள்' என்றே போகிறது. மாப்பிள்ளையோடு கோயம்புத்தூரில் வேலை பார்த்த நண்பர் அதைப் படித்தால், நீங்கள் இருவரும் ஒரு நாள் மனம் ஏவப்பட்டு ரயிலேறிப் போய்விட்டீர்கள் என்றுதான் நினைப்பார். நடந்தது அதுவல்லவே.

அந்தியோகியாவில் நடந்ததை வேதாகமத்தின் அப்போஸ்தலர் 13ஆம் அதிகாரத்தில் நாம் எத்தனையோ முறை வாசித்திருக்கிறோம். பவுலும் பர்னபாவும் தாமாகப் புறப்படவில்லை. உபவாசித்து ஜெபித்த சபை அவர்கள்மேல் கைகளை வைத்து அனுப்பியது. அடுத்த அதிகாரத்தின் முடிவில் அவர்கள் திரும்பி வந்தவுடன் செய்த முதல் வேலை, அதே சபையைக் கூட்டி, தேவன் தங்களைக்கொண்டு செய்ததையெல்லாம் அறிவித்ததுதான். அனுப்பிய இடத்துக்குக் கணக்கு ஒப்புவிக்கிற கடமை அங்கேயே தொடங்கிவிட்டது. உங்கள் ஜெபக் கடிதமும் உதவி கேட்டு எழுதும் விண்ணப்பமாக இருக்கக்கூடாது. கணக்கு ஒப்புவிப்பதாகவே இருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே, சபை உங்களை எப்படி அனுப்பியது என்பதை முதலில் எழுது. நம் ஆயரின் கீழுள்ள சபைகளை நடத்தும் சேகரக் கமிட்டி மூன்று தடவை கூடியது உனக்கு நினைவிருக்கும். முதல் கூட்டத்தில் ஒப்புதல் கிடைக்கவில்லை. நம் பிள்ளைகளுக்கு ஞாயிறு பள்ளி நடத்தவே ஆள் போதாதபோது, படித்த ஒரு நர்ஸையும் ஓர் ஆசிரியரையும் ஒடிசாவுக்கு அனுப்புவது சரியா என்று மூப்பர் ஒருவர் கேட்டார். அது நியாயமான கேள்வி. அவர் கருத்து இன்றும் மாறவில்லை. ஆனால் சபை கூடித் தீர்மானித்த காரியம் என்பதால் மாதம் தவறாமல் தன் பங்கைக் கொண்டுவந்து கொடுக்கிறார். எல்லோரும் கைதட்டி அனுப்பினார்கள் என்று எழுதுவதைவிட, கேள்வி கேட்டு, ஜெபித்து, பிறகு அனுப்பினார்கள் என்று எழுதினால் உங்களைத் தாங்குகிறவர்கள் இன்னும் அதிகமாக நம்புவார்கள்.

இனி, அரிசியைப் பற்றி எழுது. இதை நீ எப்படி விட்டாய் என்று எனக்கு வியப்பாக இருக்கிறது. நம் சபைப் பெண்கள் உலை வைக்கும்போது அளந்த அரிசியிலிருந்து ஒரு கைப்பிடியைத் தனியே எடுத்துவைக்கிறார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அது ஆலயத்துக்கு வருகிறது. முறுக்கு டின்னிலும், பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலிலும், மஞ்சள் பையின் மூலையில் முடிச்சுப் போட்டும் வரும் அரிசியையெல்லாம் ஒரே சாக்கில் கொட்டுகிறோம். பொன்னியும், ரேஷன் அரிசியும், இட்லி அரிசியும், குருணையும் கலந்து, ஒரு நிறமாக இல்லாமல் கிடக்கும். சோறு வடிக்க உதவாத அந்தச் சாக்கை ஆராதனை முடிந்ததும் ஏலம் விடுகிறோம். யாராவது ஒருவர் கடை விலைக்கு மேலேயே எடுக்கிறார், பெரும்பாலும் மாவரைத்து விற்கும் நம் சபைக்காரர்தான். அந்தப் பணம் அப்படியே உங்கள் கணக்கில் ஏறுகிறது. சென்ற மாதம் சாக்கைத் தூக்கியபோது அடியில் ஒரு ஐந்து ரூபாய் நாணயம் கிடந்தது. அரிசி இல்லாத வீட்டிலிருந்து யாரோ அரிசிக்குப் பதிலாகப் போட்டிருக்கிறார்கள்.

கிழக்குத் தெரு அத்தையை நினைத்துக்கொள். விடியற்காலை நான்கு மணிக்கு நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு மல்லிகைத் தோட்டத்துக்குப் போகிறவர். மொட்டு விரிவதற்குள் பறித்து முடிக்க வேண்டும். கிலோ கணக்கில்தான் கூலி. பனிக் காலத்தில் பூ குறைந்து, சந்தையில் விலை ஏறுகிறபோது, பறிக்கிறவர் கைக்கு வருவது குறைந்துவிடுகிறது. அந்த மாதங்களிலும் முதல் சனிக்கிழமைக் கூலியை அவர் உங்களுக்கென்று ஒதுக்கிவிடுகிறார். உறையில் பெயர் எழுதத் தெரியாததால் ஒரு பூவை வரைந்து கொடுக்கிறார். பொருளாளர் என்ற முறையில் அந்த உறைகளை நான்தான் பிரிக்கிறேன். உன் கடிதத்தில் பெரிய தொகை கொடுத்த மூவருக்கு நன்றி சொல்லியிருக்கிறாய். அது தவறல்ல. ஆனால் அந்த மூவரும் இந்தப் பூ வரைந்த உறையைப் பற்றி அறிந்துகொள்ள வேண்டாமா?

நாமும் அனுப்பப்பட்டவர்களால் உண்டானவர்கள் என்பதை ஒரு பத்தியில் சொல். அமெரிக்க போர்டு என்னும் மிஷனெரி சங்கம் முதலில் யாழ்ப்பாணத்துக்கு வந்தது, 1816இல். அங்கிருந்துதான் 1834இல் மதுரைக்கு வந்தார்கள். அப்போது யாழ்ப்பாணத் தமிழர்களான உதவியாளர்களும் கூடவே வந்தார்கள். திருமங்கலத்தில் 1842இல் தொடங்கிய செமினரி என்னும் பயிற்சிப் பள்ளி, 1845இல் பசுமலைக்குப் போனது. பேருந்தில் எத்தனை முறை அந்த வழியாகப் போயிருப்பாய்! அப்புறம் 1903இல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர்கள் அசரியாவின் முயற்சியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கி, அந்நிய நாட்டுப் பணத்தை எதிர்பாராமல், தங்கள் காணிக்கையைக் கொண்டே ஐதராபாத் நிஜாமின் நாட்டிலிருந்த தோர்ணக்கல் பகுதிக்கு ஆள் அனுப்பினார்கள். நம் கைப்பிடி அரிசி அந்த வழியில் வருவது. பெற்றுக்கொண்டிருந்த சபைகள் அனுப்பும் சபைகளாக மாறிய அந்த மாற்றத்தைத் தாங்குகிறவர்களுக்குச் சொல்லாவிட்டால், மிஷனெரி என்றால் கப்பலில் வந்த வெள்ளைக்காரர் என்றே பலர் இன்னும் எண்ணிக்கொண்டிருப்பார்கள்.

உங்கள் வேலையைப் பற்றி எழுதிய பகுதியில், விழாக்களும் கூட்டங்களும் நிறைய இருக்கின்றன. சாதாரண நாள் இல்லை. வாரச் சந்தையில் மரத்தடியில் மேசை போட்டு நீ காய்ச்சல்காரர்களுக்கு மலேரியா பரிசோதனை செய்கிறாய் என்று தொலைபேசியில் சொன்னாயே, அதை எழுது. குவி என்னும் பழங்குடி மொழி பேசும் பிள்ளைகள் பள்ளியில் ஒடியாவைக் கேட்டு விழிப்பதையும், மாப்பிள்ளை ஒடியா எழுத்திலேயே குவிச் சொற்களை எழுதிக் காட்டி வாசிக்கப் பழக்குவதையும் எழுது. கண்ணை அவர்களும் ஏறக்குறைய கண் என்றே சொல்கிறார்கள் என்று நீ சொன்ன இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை, அவ்வளவு மகிழ்ச்சி. நம் மொழிக் குடும்பத்துப் பிள்ளைகள் அத்தனை தூரத்தில் இருக்கிறார்கள் என்பது இங்கே யாருக்கும் தெரியாது.

நீ இணைத்திருக்கும் மெலிந்த குழந்தையின் புகைப்படத்தை எடுத்துவிடு. இதை நான் வேண்டுகோளாக அல்ல, தகப்பனாகவே சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் ஊழியர் நம் ஆலயத்தில் அப்படியொரு படத்தைத் திரையில் காட்டினார். கம்மலைக் கழற்றிக் காணிக்கைத் தட்டில் போட்ட பாட்டியை நான் பார்த்தேன். பிறகு நம் ஆட்கள் இருவர் அந்த ஊருக்குப் போனபோது, அந்தப் பிள்ளையின் தாய், என் மகன் காய்ச்சலில் கிடந்தபோது எடுத்த படத்தைக் கேளாமல் ஊரெல்லாம் காட்டினீர்களா என்று கேட்டாளாம். அந்தத் தாய்க்குப் பதில் சொல்ல எங்களிடம் ஒன்றுமில்லை. ஞானஸ்நானம் பெற்றவர்கள் எத்தனை பேர் என்ற எண்ணிக்கையும் வேண்டாம். மதமாற்றம் குறித்து 1967ஆம் ஆண்டே சட்டம் இயற்றிய மாநிலத்தில் இருக்கிறீர்கள். உங்களுக்கு மட்டுமல்ல, அந்த ஏழைகளுக்கும் நம் கடிதத்தால் தொல்லை வரக்கூடாது. மருந்து வாங்க வருகிறவரிடம் ஜெபத்துக்கு நிற்கும்படி நீ சொல்வதில்லை என்று எனக்குத் தெரியும். அதைத் தெளிவாக ஒரு வாக்கியத்தில் எழுதினால் நல்லது.

பணத்தைப் பற்றி மழுப்பாமல் எழுது. சபை உங்களை அனுப்புகிறது, ஆனால் சம்பளம், பயிற்சி, மருத்துவச் செலவு, இடமாற்றம் ஆகியவற்றைப் பார்ப்பது மிஷனெரி சங்கம். யாருடைய காணிக்கையும் சங்கத்தின் கணக்குக்கே போய், ரசீதோடு வர வேண்டும், உங்கள் சொந்தக் கணக்குக்கு அல்ல. அமெரிக்காவில் இருக்கும் உன் பெரியம்மா மகன் உனக்கு நேராக அனுப்புவதாகச் சொன்னானாம். அவன் இப்போது அந்த நாட்டுக் குடிமகன். 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடைச் சட்டப்படி, ஊழியத்துக்கென்று அவன் கொடுக்கும் பணத்தைப் பதிவோ அரசின் முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டுமே வாங்க முடியும். 2020இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு அதுவும் புது தில்லியில் ஸ்டேட் பாங்கின் குறிப்பிட்ட கிளையில் உள்ள கணக்கு வழியாகவே வர வேண்டும், ஓர் அமைப்பு மற்றோர் அமைப்புக்கு மாற்றியும் கொடுக்கக்கூடாது. நம் சேகரத்துக்கும் அந்தப் பதிவோ அனுமதியோ இல்லை, சங்கத்துக்கும் இல்லை. ஆகவே அன்போடு மறுத்துவிடு. துபாயில் வேலை பார்க்கும் மாப்பிள்ளையின் தம்பி இந்தியக் குடிமகனாகவே இருப்பதால், அவன் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்புவது இந்தச் சட்டத்தில் சேராது. அவன் சங்கத்துக்கு அனுப்பட்டும்.

நான் வரலாறு கற்பித்தவன் என்பதால் இன்னும் ஒன்று. 1606இல் மதுரைக்கு வந்த நொபிலி முதலாக, இங்கே ஊழியம் செய்த சேசு சபை என்னும் கத்தோலிக்கத் துறவியர் தங்களை அனுப்பியவர்களுக்கு ஆண்டுதோறும் கடிதம் எழுதினார்கள். மைசூர்ப் படையோடு நடந்த மூக்கறுப்புப் போரையும், பஞ்சங்களையும், நாயக்கர் அரண்மனைச் செய்திகளையும் அவற்றில் எழுதிவைத்தார்கள். இன்று மதுரை நாயக்கர் வரலாற்றை எழுதுகிறவர்கள் அந்தக் கடிதங்களைத்தான் புரட்டுகிறார்கள். குவி பேசும் ஊர்களைப் பற்றி நீ எழுதுவதையும், நூறு ஆண்டு கழித்து அவர்கள் பேரப்பிள்ளைகளே எடுத்துப் படிக்கலாம். அவர்கள் தலைகுனியாதபடி எழுது.

திருத்தியதை வரும் மாதம் முதல் ஞாயிறுக்குள் அனுப்பு. அரிசி ஏலத்துக்கு முன் சபையில் வாசிக்க ஆயர் ஒப்புக்கொண்டிருக்கிறார். அதற்கு முந்தின நாள் மாலை கிழக்குத் தெரு அத்தைக்கு நான் தனியே வாசித்துக் காட்டுகிறேன். அவர் பூவை வரைவது கடிதத்தில் வரலாமா என்று கேட்டுக்கொண்டு உனக்கு எழுதுகிறேன். மாப்பிள்ளைக்கு என் ஸ்தோத்திரம். பேரனுக்கு அம்மா வடகம் கட்டிவைத்திருக்கிறாள், ஆள் கிடைத்ததும் வரும்.

அன்புடன்,
அப்பா